மருத்துவமனையில் குடியிருந்தவரா முன்னோடி?

உருளி:
வேறோர் இழையில் ‘கல்வெட்டு’ என்ற பதிவர் எழுதியதற்குப் பதில் சொல்வதற்குள் அதைப் பூட்டிவிட்டார்கள் என்பதால் இங்கே தொடங்குகிறேன். கடுமையான உடற்குறைபாடு உள்ளவர்கள் சமூகத்துக்குள் சுயமாக வாழ்வது வெறும் மேடைப்பேச்சு என்றும், அதற்காகப் போராடிய சுதந்திர வாழ்வு இயக்கத்தின் முன்னோடியான எட் ராபர்ட்ஸே மருத்துவமனையில்தான் வாழ்ந்தார் என்றும், ஆகவே நல்ல பராமரிப்பு இல்லங்களே போதும் என்றும் அவர் அருளியிருக்கிறார். ராபர்ட்ஸ் 14 வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1962இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அவர் உறங்கும் இரும்பு நுரையீரல் என்ற சுவாச இயந்திரத்தின் எடையைத் தாங்கக்கூடிய விடுதி அறை கிடைக்காததால், வளாகத்திலிருந்த கோவெல் மருத்துவமனையில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அங்கிருந்து அவர் வகுப்புக்குப் போய்வந்தார்.

கல்வெட்டு:
மருத்துவமனைதான் என்பதை முதல் பதிவிலேயே ஒப்புக்கொண்டதற்கு நன்றி. இனி நான் எழுத என்ன இருக்கிறது?

உருளி:
நீங்கள் எழுத ஒன்றுமில்லை, படிக்கத்தான் நிறைய இருக்கிறது. ராபர்ட்ஸும் அவருடைய நண்பர்களும் அந்த மருத்துவமனை மாடியில் தங்களுக்கான உதவியாளர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், சரிவராதவர்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் 1972இல் பெர்க்லியில் சுதந்திர வாழ்வு மையம் ஊருக்குள் எழுந்தது. இவரால் ஒருபோதும் வேலை பார்க்க முடியாது என்று சொல்லிக் கல்வி உதவியை மறுத்த அதே மாநில மறுவாழ்வுத் துறைக்கு, 1975இல் அவரே இயக்குநரானார். இந்தப் பகுதி மட்டும் உங்கள் கண்ணில் படாதது ஏன்?

கல்வெட்டு:
கண்ணில் பட்டது. அதற்கு முன்னால் ‘மருத்துவமனை’ என்ற சொல்லும் பட்டது.

மகளின்_அம்மா:
எட் ராபர்ட்ஸுக்குத் தன் உதவியாளரை நிறுத்தத் தெரிந்திருந்தது. அறிவுசார் குறைபாடுள்ள என் மகளுக்கு, தன் கையை முறுக்கியவர் யார் என்று சொல்லவே வார்த்தை வராது. எங்கள் காலத்துக்குப் பிறகு அவளை யாரை நம்பி விடுவது என்று கேட்டால், உருளி எங்களுக்கு வரலாற்றுப் பாடம் நடத்துகிறார்.

உருளி:
அம்மா, உங்கள் அச்சத்தை நான் எள்ளவில்லை. ஆனால் சொல்ல வார்த்தையில்லாத ஒருவருக்கு நான்கு சுவருக்குள் கதவடைத்த இடம் பாதுகாப்பானது என்று எதை வைத்து நம்புகிறீர்கள்? அங்கே நடப்பதை வெளியில் சொல்ல இன்னொருவர் கூட இருக்க மாட்டார். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சொல்வதோடு நிற்காமல், அதற்கு வேண்டிய ஆள்துணையும் கிடைக்க வேண்டும் என்கிறது. முடிவெடுக்கத் துணை தேவைப்படுவோருக்கு அத்துணையை அரசு ஏற்படுத்தித் தர வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. உங்கள் மகளைத் தன்னந்தனியாக விட்டுவிடும்படி யாரும் சொல்லவில்லை.

மகளின்_அம்மா:
பிரிவு எண்கள் இரவில் எழுந்து வந்து அவளுக்கு வலிப்பு மாத்திரை கொடுக்குமா?

அரைப்பக்கம்:
இடையில் ஒரு நினைவூட்டல். சென்ற ஆண்டு நடந்த இல்லங்கள் பற்றிய இழையில், சிறிய இல்லங்களாக இருந்தால் பரவாயில்லை என்று எழுதிய பெருந்தகை இதே உருளிதான். அப்போது மறுத்துப் பேசிய என்னை ஏட்டுச் சுரைக்காய் என்றார். நான் மறக்கவில்லை.

உருளி:
பரவாயில்லை என்று நான் எழுதவில்லை, பெரிய விடுதிகளைவிட மேல் என்றுதான் எழுதினேன். வீட்டின் அளவில் ஒன்றுமில்லை என்பதை அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 19ஆம் பிரிவை விளக்கி 2017இல் வெளியிட்ட ஐந்தாம் பொதுக் கருத்துரையே சொல்லிவிட்டது. எட்டுப் பேருக்கு ஓர் உதவியாளர் இருக்கும் இல்லத்தை நினைத்துப் பாருங்கள். அவர் எட்டு மணிக்குப் பணி முடித்துப் புறப்பட வேண்டும் என்பதற்காக, ஏழரைக்கே எட்டுப் பேரையும் வரிசையாகப் படுக்கையில் கிடத்துவார். தூக்கம் வராதவர் விளக்கணைந்த அறையில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். வாசலில் எவ்வளவு அழகாகப் பெயர்ப்பலகை மாட்டினாலும் அது விடுதிதான்.

கல்வெட்டு:
ஆளுக்கோர் உதவியாளர் என்றால் செலவை யார் ஏற்பது?

உருளி:
சுவீடன் ஏற்றது. அங்கே 1994இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தனி உதவியாளரைப் பெறுவதை உரிமையாக்கியது. அடிப்படைத் தேவைகளுக்கே வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் உதவி வேண்டியிருந்தால் அதற்கு அரசு பணம் தருகிறது.

கல்வெட்டு:
பின்னாளில் அதே சுவீடன் விதிகளை இறுக்கி, பலர் அந்த உதவியை இழந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உருளி:
அதை எதிர்த்து அங்கே போராடுகிறவர்கள் உதவியாளரோடு வாழ்ந்து பார்த்தவர்கள். இல்லத்தில் அடைத்துவிடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை.

அரைப்பக்கம்:
ஏட்டுச் சுரைக்காய்க்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.

கல்வெட்டு:
அதை நீங்கள் இருவரும் தனியே பேசிக்கொள்ளுங்கள். 1962இல் ராபர்ட்ஸ் குடியேறிய கட்டடம் மருத்துவமனையா, இல்லையா?

உருளி:
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கட்டடத்தைப் பற்றி இன்னும் நூறு முறை கேட்டாலும், அங்கே உதவியாளரை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று நானும் நூறு முறை கேட்பேன். அதற்கு நீங்கள் ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை.

மகளின்_அம்மா:
எனக்கும்தான் பதில் வரவில்லை.

கல்வெட்டு:
ஆக, மருத்துவமனைதான்.