லாக் மென்பொருளில் அதிர்வெண் வரவில்லை, அவசரம்

ஜெயநகர் புதியவன்: வணக்கம். என் அமெச்சூர் (ஹாம்) ரேடியோவைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டேன். கேபிள் சரி, டிரைவர் சரி. தொடர்புகளைப் பதியும் லாக் மென்பொருளில் மட்டும் அதிர்வெண் பூஜ்யமாகவே நிற்கிறது. இன்று இரவு போட்டி இருக்கிறது. உடனே சொல்லுங்கள்.

மோர்ஸ் தாத்தா: எந்த ரேடியோ? எந்த மென்பொருள்? விண்டோஸா, லினக்ஸா? வைத்தியரிடம் போய் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பீர்களா, தம்பி? கையேட்டைப் படிக்கும் வழக்கமே போய்விட்டது.

பால்கனி டைபோல்: அடுக்குமாடியில் ஆன்டெனா அறைக்குள்ளேயே இருப்பதுபோலத்தான். குறுக்கீடு யூ.எஸ்.பி.யை அறுத்துவிடும். எஸ்.பி. ரோட்டில் குறுக்கீட்டை அடக்கும் ஃபெரைட் வளையம் வாங்கிக் கேபிளில் நான்கைந்து சுற்று சுற்றுங்கள்.

ஜெயநகர் புதியவன்: நான் இன்னும் ஒலிபரப்பவே இல்லையே.

பால்கனி டைபோல்: இருந்தாலும் சுற்றுங்கள்.

ஐகாம் அன்பர்: ரேடியோவின் கட்டுப்பாட்டு எண்ணான சிஐ-வி முகவரியைப் பாருங்கள். ஐகாம் 7300-க்கு 94.

ஜெயநகர் புதியவன்: என்னுடையது ஐகாம் இல்லை, யாயெசு (Yaesu) எஃப்டி-991ஏ. விண்டோஸ். போர்ட் காம் 5.

அல்சூர் ராகி: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். இந்த ரேடியோ ஒரே கேபிளில் இரண்டு போர்ட்டுகளைக் காட்டும்: என்ஹான்ஸ்டு, ஸ்டாண்டர்டு. கட்டுப்பாட்டுக் கட்டளைகள் என்ஹான்ஸ்டில்தான் போகும். காம் 5 எது என்று டிவைஸ் மேனேஜரில் பாருங்கள். மெனு 031-இல் வேகம் ஆரம்பத்தில் 4800 என்றுதான் வரும். மென்பொருளிலும் அதே வேகம் இருக்க வேண்டும். பிறகு கட்டளை தட்டும் ஒரு டெர்மினல் மென்பொருளில், அதிர்வெண்ணைக் கேட்கும் ‘எஃப்ஏ;’ அனுப்புங்கள். ‘எஃப்ஏ014074000;’ போல ஒரு பதில் வந்தால் ரேடியோ மீது குற்றமில்லை.

ஜெயநகர் புதியவன்: 5 என்ஹான்ஸ்டுதான். இரண்டிலும் 38400 வைத்திருக்கிறேன். டெர்மினலோ போர்ட் உபயோகத்தில் இருக்கிறது என்கிறது.

அல்சூர் ராகி: கம்ப்யூட்டர் வழியே குறுஞ்செய்தி பரிமாறும் எஃப்டி8 மென்பொருள் திறந்திருக்கிறதா?

ஜெயநகர் புதியவன்: ஆமாம், அதில் அதிர்வெண் சரியாக வருகிறதே. அதனால்தான் கேபிள் சரி என்றேன்.

அல்சூர் ராகி: அப்பாடா! ஒரு போர்ட்டை ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். பல மென்பொருள்கள் ஒரே ரேடியோவைப் பகிர உதவும் ஆம்னிரிக்கை நிறுவி, காம் 5-ஐ அதற்கு மட்டும் கொடுங்கள். எஃப்டி8 மென்பொருளிலும் லாகிலும் ரேடியோ என்ற இடத்தில் ஆம்னிரிக் ரிக் 1 என்று தேர்ந்தெடுங்கள். ரேடியோவின் மெனு 033 இயக்கத்தில் இருந்தால், ஆம்னிரிக்கில் ஆர்டிஎஸ் என்ற போர்ட் சமிக்ஞையை ஹை என்று வையுங்கள்.

மோர்ஸ் தாத்தா: எஃப்டி8-ஆ? இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதற்கு உரிமம் எதற்கு? 1978 இந்திய அமெச்சூர் விதிகளில் பதிவேடு கட்டிய புத்தகமாக இருக்க வேண்டும், தனித்தாள் ஆகாது என்றே எழுதியிருந்தது. என் நோட்டில் போர்ட் தகராறு வந்ததில்லை.

ஐகாம் அன்பர்: எஃப்டி8-ஐ உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ டெய்லர் 1993-இல் இயற்பியல் நோபல் வாங்கியவர், ஐயா. அவருக்கும் மோர்ஸ் தெரியும்.

மோர்ஸ் தாத்தா: நோபல் வாங்கியவர் எழுதினால் அது வானொலி ஆகிவிடுமா?

பால்கனி டைபோல்: என் வீட்டுத் தகர பால்கனியில் எஃப்டி8 தவிர வேறெதுவும் வெளியே போகாது. எனக்கு அதுதான் வானொலி.

ஜெயநகர் புதியவன்: இப்போது இரண்டிலும் வருகிறது, நன்றி. மோர்ஸ் அனுப்புவதற்காக லாகில் இன்னொரு போர்ட்டான காம் 6-ஐயும் கொடுத்தேன். திறந்தவுடன் ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. பரவாயில்லையா?

அல்சூர் ராகி: பரவாயில்லையாவா! ரேடியோ ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது, உடனே லாகை மூடுங்கள். காம் 6-இல் ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற சமிக்ஞைகள் இரண்டும் எப்போதும் ஹை என்று இருக்கும். அதை மாற்றிவிட்டுத் திறங்கள். ஆன்டெனா மாட்டியிருக்கிறதா?

அல்சூர் ராகி: தம்பி, இருக்கிறீர்களா?