காதைத் தொட்டால் தலையைத் தூக்குகிறாள்: மூன்று வயதுப் பெட்டைக்குதிரையை எப்படிப் பழக்குவது?

அமராவதிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டம். இந்த ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு பெட்டைக்குதிரை வாங்கினேன். கத்தியவார் கலப்பு, செவலை, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, உயரம் 57 அங்குலம். இதுவரை யாரும் ஏறியதில்லை. மாடு வளர்த்த பழக்கம் உண்டு, குதிரை எனக்கு இதுதான் முதல்.

பக்கத்தில் போனாலே உடம்பை விறைத்துக்கொள்கிறாள். கழுத்து வரை தடவ விடுவாள். காதருகே கை போனதும் தலையைத் தூக்கிவிடுவாள், நானும் கையை எடுத்துவிடுவேன். தலைக்கயிறு மாட்ட 40 நிமிடம் ஆகிறது. போன வாரம் பக்கத்துத் தோட்டத்துத் தார்ப்பாய் காற்றில் படபடத்தது. கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்தேன். ஒரே பாய்ச்சல், நாலடி என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். உள்ளங்கை கிழிந்துவிட்டது.

கழுத்தில் சுழி சரியில்லை, விற்றுவிடு என்கிறார் மாமா. சாட்டையில் ரெண்டு போட்டால் வழிக்கு வரும் என்கிறார் இன்னொருவர். இரண்டுக்கும் எனக்கு மனசில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கிண்டி லாயத்துப் பிள்ளை:

தம்பி, முதலில் கை எப்படி இருக்கிறது? ரணஜன்னி வராமலிருக்க டிடி ஊசி போட்டீர்களா? குதிரை நிற்கும் இடத்து மண்ணில் பட்ட காயத்தைச் சும்மா விடக்கூடாது. அவளுக்கும் ரணஜன்னித் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அப்பா கிண்டியில் பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். நான் 24 வருடமாகக் கோவை பக்கம் ஒரு சவாரிப் பள்ளியில் இருக்கிறேன்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரியை மூன்று தடவை படித்தேன். 'தலையைத் தூக்கிவிடுவாள், நானும் கையை எடுத்துவிடுவேன்.' முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது. தலையைத் தூக்கினால் கை போய்விடும் என்று நீங்களே தினமும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். கை விலகுகிற அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருந்ததோ, அதுதான் சரி என்று குதிரை எடுத்துக்கொள்ளும். அதனால் கையை எப்போது வைப்பது என்பதை விட எப்போது எடுப்பது என்பதில் கவனமாக இருங்கள்.

இனி இப்படிச் செய்து பாருங்கள். முன்னால் போய் நிற்காதீர்கள், தோள் பக்கம் நில்லுங்கள். குதிரைக்குக் கண் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை சுற்றிலும் தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. நேராக நெற்றிக்கு நீட்டும் கை, பாதி வழியில் காணாமல் போகிற கை. கழுத்து முதுகோடு சேரும் மேட்டில் சொறிந்து விடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் நெஞ்சுத் துடிப்பே குறையும். மேலுதடு நீண்டு துடித்தால் சரியான இடம் கிடைத்துவிட்டது.

அங்கிருந்து புறங்கையை ஒவ்வொரு அங்குலமாக மேலே நகர்த்துங்கள். விறைப்பதற்கு ஒரு விரல் முன்னால் நிறுத்துங்கள். காத்திருங்கள். கண் சிமிட்டுவாள், அல்லது நீளமாக மூச்சு விடுவாள், தலை ஒரு விரற்கடை இறங்கும். அந்த நொடியில் கையை எடுத்துவிட்டு ஓரடி பின்னால் வந்துவிடுங்கள். நடுவில் தலையைத் தூக்கினால் கையும் கூடவே போகட்டும், பிடிக்காமல், அழுத்தாமல், சும்மா ஒட்டியபடி. இறக்கும்போது எடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை போதும். இடது பக்கம் பழகியதை வலது பக்கமும் முதலிலிருந்து செய்யுங்கள்.

எங்களிடம் பந்தயத்திலிருந்து வந்த ஆறு வயதுப் பெட்டை ஒன்று இருந்தது. எங்கேயோ ஊசி போடும்போது காதை முறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஒன்பது நாள், காதுக்கு நாலு விரல் கீழே ஒரே இடத்தில்தான் நின்றேன். பத்தாம் நாள் மழை, தகரக் கூரையில் பேச்சே கேட்கவில்லை. தானாகத் தலையை இறக்கி என் முழங்கையில் சாய்த்தாள். அவ்வளவு கனம்! காதின் அடி சுடச்சுட இருந்தது. உள்ளே பூனை முடி மாதிரி மெல்லிசாக, ஈரமாக இருந்தது. நான் அசையவே இல்லை.

கயிற்றைக் கையில் சுற்றவே சுற்றாதீர்கள், விரல் போய்விடும். மடித்து மடித்துப் பிடியுங்கள். கட்டும்போது கம்பத்தில் சணலால் ஒரு வளையம் போட்டு அதில் கட்டுங்கள். மிரண்டு இழுத்தால் சணல் அறும், கழுத்து பிழைக்கும்.

சாட்டை வேண்டாம். தார்ப்பாயைப் பார்த்துப் பயந்தவளை அடித்தால், தார்ப்பாய் வந்தால் வலியும் வரும் என்பது உறுதியாகிவிடும். சுழி பற்றி மாமாவிடம் பணிவாகச் சொல்லுங்கள், நல்ல சுழி உள்ள எத்தனையோ குதிரைகள் மிரண்டு ஓடி நான் பார்த்திருக்கிறேன்.

ஏற அவசரப்படாதீர்கள். முதுகெலும்பு முழுதாக முதிர ஐந்தாறு வயது ஆகும். இந்த வருடம் அவளோடு சேர்ந்து நடப்பதே போதும்.

நாமக்கல் கால்நடை மருத்துவர்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் பழக்கும் முன் காதுக்குள் பார்த்தீர்களா? காதின் உள்ளேயே வாழும் உண்ணி உண்டு, இலங்கையில் நுவரெலியா பந்தயக் குதிரைகளிலும் பதிவாகியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டரை வயதில் நடு முன்பற்கள் விழும், மூன்றரையில் அதற்கு அடுத்தவை. பல் மாறும் குதிரைக்கு வாயில் கடிவாளம் போட்டால் வலிக்கலாம்.

என்ன தீனி போடுகிறீர்கள்? தனியாகவா நிற்கிறாள்?

அமராவதிக்கரை:

டிடி போட்டாகிவிட்டது அண்ணா. டாக்டர் சார், கொள்ளு மூன்று கிலோ, கொஞ்சம் சோளத்தட்டு. தனியாகத்தான் நிற்கிறாள், மாட்டுக்கொட்டகை அந்தப் பக்கம்.

நாமக்கல் கால்நடை மருத்துவர்:

வேலையே இல்லாத குதிரைக்கு மூன்று கிலோ கொள்ளு மிக அதிகம். ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். 300 கிலோ எடை என்றால் காய்ந்த புல்லாக நாளைக்கு ஐந்தாறு கிலோ வேண்டும், நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்கும்படி பிரித்துப் போடுங்கள். கூட்டமாக வாழ்கிற உயிர், தனியே நின்றால் காவல் முழுக்க அதன் தலையில் விழுகிறது. இன்னொரு குதிரை முடியாவிட்டால் ஓர் ஆடாவது கண்ணில் படும்படி இருக்கட்டும்.

குன்னூர்வாசி:

நானும் பயந்த குதிரையோடு ஆரம்பித்தவள்தான். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2009இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றில், குதிரையைப் பிடித்து நடத்துகிறவர்களிடம் நாலாவது சுற்றில் குடையை விரிப்போம் என்று சொல்லி வைத்தார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனாலும் அந்தச் சுற்றில் மனிதர்களுக்கும் நெஞ்சுத் துடிப்பு ஏறியது, குதிரைகளுக்கும் ஏறியது. என் மூச்சு நின்றால் என் குதிரை உடனே காதை என் பக்கம் திருப்பும். அதனால் லாயத்துக்குள் போகும்போதே ஏதாவது ராகத்தை முணுமுணுத்துக்கொண்டு போவேன். முணுமுணுக்கும்போது மூச்சை அடக்க முடியாது.

அமராவதிக்கரை (ஐந்து வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் வந்து லேசாக மயக்க ஊசி போட்டுப் பார்த்தார். இடது காதுக்குள் ஆறு உண்ணி, சுற்றிலும் புண். இத்தனை நாள் அதன் மேல்தான் கை வைக்கப் போயிருக்கிறேன், நினைத்தாலே சங்கடமாக இருக்கிறது. மருந்து போட்டுப் புண் ஆறிவிட்டது. ஒரு வெள்ளாட்டைப் பக்கத்தில் கட்டியிருக்கிறேன், இப்போது படுத்தே தூங்குகிறாள். சந்தையிலிருந்து வந்ததிலிருந்து அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை.

தலைக்கயிறு நாலு நிமிடத்தில் ஏறுகிறது. வலது காது முழுக்கத் தடவலாம். இடது காதின் அடிவரை கை போகிறது. நேற்று அங்கேயே கையை வைத்து நின்றேன். பெரிய மூச்சு ஒன்று விட்டாள், என் சட்டைப் பையே நனைந்தது. நீங்கள் சொன்னபடி உடனே கையை எடுத்துவிட்டேன். அவளே ஓரடி முன்னால் வந்தாள். அடுத்து தார்ப்பாயா?

கிண்டி லாயத்துப் பிள்ளை:

புண் இருந்திருக்கிறது, அதைக் கேட்க எனக்குத் தோன்றாமல் போய்விட்டது, டாக்டருக்கு நன்றி. படுத்துத் தூங்குகிறாள் என்று படித்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்தது தம்பி.

ஆமாம், தார்ப்பாய்தான். ஆனால் அதை அவளிடம் கொண்டுவராதீர்கள். யாராவது ஒருவர் தார்ப்பாயைத் தரையில் இழுத்துக்கொண்டு முன்னால் போகட்டும், முப்பது அடி தள்ளி நீங்களும் அவளும் பின்னால் நடங்கள். தன்னை விட்டு விலகிப் போகிற பொருளைப் பார்த்தால் குதிரைக்குத் தைரியம் வரும். அவளாக நடையை எட்டிப் போட்டால் கயிற்றைத் தளர்த்திக் கூடவே போங்கள். காற்று இல்லாத காலை நேரமாகப் பாருங்கள். ஆட்டையும் கூட்டிப் போங்கள்.