ஃபிரிஸ்கோவில் கைதானவரின் சிறைப் பதிவைத் தேடுகிறேன்

டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் சனிக்கிழமை இரவு 11 மணியளவில் என் அறைத்தோழரைப் போலீஸ் கைது செய்தது. சாலையோரத்திலிருந்து ஒரு நிமிடம் பேசினார், அதோடு சரி. இன்று திங்கள் காலை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

இந்த ஊர் காலின், டென்டன் என்ற இரண்டு கவுண்டிகளில் பரவிக் கிடக்கிறது. இரண்டின் ஷெரிஃப் அலுவலகக் கைதிகள் பட்டியலிலும் தேடிவிட்டேன், பெயர் இல்லை.

பெயரில்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயர் கட்டத்தில் ஏறிவிட்டது. முதல் பெயராக 'எஃப்.என்.யு.' (FNU, 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இருக்கிறது. நம் இனிஷியல் வழக்கம் இங்கே படுத்தும் பாடு! முன்பின்னாக மாற்றியும், அப்பா பெயரைச் சேர்த்தும், பிறந்த தேதியுடனும் தேடிப் பார்த்தேன். கைதுப் படங்களைக் காட்டிக் காசு பார்க்கும் தனியார் தளங்கள் பக்கம் போகவில்லை, போவதாகவும் இல்லை.

மாநிலச் சட்டப்படி 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். அந்தக் கெடு இன்றிரவு முடிகிறது.

இப்படி 'எஃப்.என்.யு.' பெயருள்ள ஒருவரின் பதிவை இங்கே கண்டுபிடித்தவர்கள், நகரச் சிறையிலா கவுண்டியிலா, பெயரை எப்படிக் கொடுத்துத் தேடினீர்கள்?