பன்னிரண்டாம் பலகையில் என்கிடு எப்படி உயிரோடு வந்தான்?

எல்லோருக்கும் வணக்கம். பண்டைய மெசொப்பொத்தேமியாவில் (இன்றைய ஈராக்) களிமண் பலகைகளில் எழுதப்பட்ட, உரூக் நகரத்து மன்னன் கில்கமெஷின் காவியத்தை ஒருவழியாகப் படித்து முடித்தேன். 7-ஆம் பலகையில் நண்பன் என்கிடு நோயில் விழுந்து சாகிறான். அடுத்ததில் கில்கமெஷ் புலம்புவதைப் படித்துவிட்டு இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. சாவுக்குப் பயந்து அலைந்து, கிடைத்த இளமை தரும் செடியையும் பாம்பிடம் பறிகொடுத்து, 11-ஆம் பலகையில் உரூக் மதிலடிக்கே திரும்புகிறான். சரி, கதை முடிந்தது என்று பார்த்தால் 12-ஆம் பலகையில் என்கிடு உயிரோடு நிற்கிறான்!

அந்தப் பலகை, பழைய சுமேரிய மொழிக் கவிதை ஒன்றை இந்தக் காவியத்தின் மொழியான அக்காதியத்தில் பெயர்த்ததாம். சுமேரியக் கவிதைகளில் என்கிடு பெரும்பாலும் வேலையாள்தான். பிறகு ஏன் அதைக் கடைசியில் கொண்டுவந்து ஒட்டினார்கள்? அப்புறம், கில்கமெஷைப் பற்றிய அந்த 5 சுமேரியக் கவிதைகளை எந்த வரிசையில் படிக்கலாம்? தமிழில் மொழிபெயர்ப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.