உபயக்காரர் பட்டியலை வெட்டாமல் டேப்பில் ஏற்றினேன்

பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து

2006-இல் இங்கே மலேசியாவில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியை நானும் மச்சானும் ஆளுக்கொரு மினிDV கேமராவில் (சின்ன டேப்பில் டிஜிட்டலாகப் பதியும் வகை) பிடித்தோம். இரண்டையும் கணினியில் கோத்தபோது இரண்டே முக்கால் மணி நேரம் வந்தது. அந்த DV முறையில் ஒரு மணி நேரப் படம் சுமார் 13 ஜிபி. என் 80 ஜிபி ஹார்ட் டிஸ்கில் பாதிக்கு நெருக்கமாக அதுவே அடைத்துக்கொண்டது.

முதலில் டிவிடியில்தான் போட்டேன். 4.7 ஜிபிக்குள் நெருக்கியதும் பூக்குழிப் புகை கட்டம் கட்டமாக உடைந்துபோனது. மனசு கேட்கவில்லை. சரி, வந்த வழியே திருப்பி அனுப்புவோம் என்று கேமராவையும் கணினியையும் இணைக்கும் ஃபயர்வயர் கம்பியில் கேமராவுக்கே அனுப்பி, 60 நிமிட டேப் மூன்றில் பதிந்தேன். அதில் மறுபடி நெருக்குவது கிடையாது, கோப்பில் உள்ள அதே எண்கள்தான் டேப்பில் இறங்கும். (ஐரோப்பாவில் விற்ற பல கேமராக்களில் இந்த உள்வாங்கும் வசதியைப் பூட்டி வைத்திருந்தார்கள். அது இருந்தால் வீடியோ ரெக்கார்டர் என்று கூடுதல் சுங்கவரி விழும். நான் இங்கே வாங்கியதில் அந்தத் தொல்லை இல்லை.)

படம் எவ்வளவு நேரமோ, பதியவும் அவ்வளவு நேரம். முதல் தடவை நாற்பதாவது நிமிடத்தில் வைரஸ் தடுப்பு மென்பொருள் விழித்துக்கொண்டது, படம் துள்ளியது. அதை நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு டேப்பின் தொடக்கத்திலும் அரை நிமிடம் கறுப்பு விட்டேன். முந்தைய டேப்பின் கடைசி ஒரு நிமிடத்தை அடுத்ததிலும் சேர்த்தேன். முடிந்ததும், மேலே வேறு எதுவும் பதிந்துவிடாமல் இருக்க, டேப்பின் முதுகில் இருக்கும் சின்னத் தாழை நகத்தால் 'சேவ்' பக்கம் தள்ளினேன். பெயர்ச்சீட்டை அப்பா எழுதினார்: 'பத்தாங் பெர்ஜுந்தை தீமிதி'. மறு வருடமே ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது.

மூன்றாவது டேப்பில் இடம் மிச்சமிருந்தது. அதனால்தான் ஒலிபெருக்கியில் உபயக்காரர் பட்டியல் வாசிக்கும் பதினொரு நிமிடத்தை வெட்டாமல் விட்டேன். யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

2009-இல் ஹார்ட் டிஸ்க் போனது. அப்புறம் தோட்டம் கைமாறி, லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்து, சனம் ஆளுக்கொரு திசையில் போய்விட்டது.

போன தீபாவளிக்கு மைலோ டின்னைத் திறந்து, சிலிக்கா பைகளுக்கு நடுவே இருந்த டேப்புகளை எடுத்தேன். உடனே ஓடவிடவில்லை, கடைசி வரை ஒருமுறை சுற்றித் திரும்பச் சுற்றிய பிறகுதான் ஓடவிட்டேன். பழைய மேசைக் கணினியில் ஃபயர்வயர் அட்டை போட்டு இறக்கினேன். அந்தப் பதினொரு நிமிடம் வந்தபோது வீட்டில் யாரும் பேசவில்லை. முதல் லயம், இரண்டாம் லயம் என்று வரிசையாக வீட்டுக்கு வீடு பெயர், ஐந்து வெள்ளி (ரிங்கிட்), பத்து வெள்ளி. எங்கள் தோட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு இன்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். உங்களிடம் நீளமான பதிவு இருந்தால் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து

அண்ணே, நாங்கள் 60 நிமிட டேப்பில் 90 நிமிடம் பிடிக்கலாம் என்று, டேப்பை மெதுவாக ஓட்டும் எல்பி முறையில் தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்தைப் பதிந்தோம். இப்போது சித்தப்பா கேமராவில் போட்டால் ஒரே சதுரம் சதுரமாகத் தெரிகிறது, சத்தமும் விட்டு விட்டு வருகிறது. பதிந்த கேமரா வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் பேட்டரி செத்துவிட்டது.

பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து

தங்கச்சி, அந்தக் கேமராவை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எல்பியில் தடம் மெலிதாக விழும், வழக்கமான எஸ்பி முறையில் 10 மைக்ரான் என்றால் இதில் 6.7 தான். பதிந்த கேமராவுக்குத்தான் அது பெரும்பாலும் சரியாகப் பிடிபடும். பேட்டரி தேவையில்லை, சுவர் மின்சாரத்தில் போடும் அடாப்டர் கிடைத்தால் போதும். முதலில் வேண்டாத டேப் ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள், நாடாவைக் கடிக்கவில்லை என்றால் தாத்தாவுடையதைப் போடுங்கள். இந்த மாதமே செய்துவிடுங்கள்.