உயிர் நண்டு, உள்ளுக்கை வெறும் தண்ணி. ஏன்?

கூழ்ப்பானை:
நேற்று விடிய சந்தையில நீலக்கால் நண்டு ரெண்டு கிலோ வாங்கினனான். எல்லாம் உயிர், கால் ஆட்டிக்கொண்டு கிடந்தது, கோதும் பளபளவெண்டு ஒரு ஊத்தை இல்லை, அதைப் பாத்துத்தான் நம்பி எடுத்தன். வீட்டை வந்து அம்மா உடைச்சா தண்ணி ஊத்துது, காலுக்குள்ள சதை நூல் மாதிரி. முருங்கையிலை போட்டு வைச்ச குழம்பும் தண்ணியாப் போச்சு. பறுவத்து நண்டு அப்பிடித்தான் எண்டு அப்பா சொல்லுறார். வித்தவர் ஏமாத்திப்போட்டாரோ, நண்டுக்கு ஏதும் வருத்தமோ? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

பரவைக்கடல்:
தம்பி, வருத்தம் ஒண்டுமில்லை, அது கோது கழட்டின நண்டு. நீங்கள் நம்பின பளபளப்புத்தான் அதுக்கு அடையாளம், புதுக்கோது எண்டபடியால்தான் ஊத்தை இல்லை. நாங்கள் குருநகர் ஆக்கள், சின்னனில ஒருக்கா வாளிக்குள்ள விட்ட நண்டு கழட்டினதைப் பாத்தனான். முதுகுக்குப் பின்பக்கம் மெல்ல வெடிச்சு, பின்பக்கமாவே இழுபட்டு இழுபட்டு வெளிய வந்துது. விட்ட கோதை எடுத்துப் பாத்தால் கண்ணுக்கு மேல இருந்த மூடி கூட அப்பிடியே இருந்தது, நான் ரெண்டு நண்டு எண்டே நினைச்சன். வெளிய வந்தது பஞ்சு மாதிரி, தொட்டால் அமுங்கும். கடலில எண்டால் அந்த நேரம் மண்ணுக்குள்ளயோ சாதாழைக்குள்ளயோ ஒளிச்சிடும்.
வாங்கேக்கை ஒரே அளவில ரெண்டைக் கையில தூக்கிப் பாரமானதை எடுங்கோ. கால் தொடங்கிற இடத்துக்குக் கீழ நசிச்சுப் பாருங்கோ, அமுங்கினால் வேண்டாம். பறுவக் கதை எங்கட அப்புவும் சொல்லுவார், ஆனா பறுவத்திலயும் நான் நல்ல சதை நண்டு கண்டிருக்கிறன்.

விஞ்ஞான ரீச்சர்:
அண்ணை சொன்னது சரி. நண்டு, இறால், மட்டத்தேள், கரப்பான், சிலந்தி எல்லாம் ஆத்திரப்போடா எண்ட, கால் மூட்டு மூட்டா இருக்கிற கூட்டம், எலும்பு உள்ளுக்கு இல்லை, வெளியில புறவன்கூடு. அது கைற்றின் எண்ட ஒரு பொருளால ஆனது, நண்டில அதோட கல்சியமும் சேர்ந்து கல்லு மாதிரி இறுகியிருக்கும். இறுகினது விரியாது, அதால வளரவேணுமெண்டால் கழட்டித்தான் ஆகவேணும். கழட்ட முதலே பழைய கோதில இருக்கிற கல்சியத்தில கொஞ்சத்தை ரத்தத்துக்கு இழுத்துக்கொள்ளும், கீழ மெல்லிசாப் புதுத்தோல் உருவாகும். வெளிய வந்தவுடன நிறையத் தண்ணியை உள்ள எடுத்து ஊதி அந்தப் புதுத்தோலை விரிக்கும், பிறகுதான் அது இறுகும். உங்கட அம்மா கண்ட தண்ணி அதுதான். கோது இறுகின பிறகுதான் இரை தின்னத் தின்ன அந்தத் தண்ணிக்குப் பதிலாச் சதை பிடிக்கும். உங்களுக்கு வந்தது சதை பிடிக்க முதலே வலையில பட்ட நண்டு, பழசே இல்லை.

கூழ்ப்பானை:
நன்றி அண்ணை, நன்றி ரீச்சர். இண்டைக்கு அப்பிடியே தூக்கிப் பாத்து ஊத்தை பிடிச்ச நண்டா எடுத்தன், கோதை உடைக்கவே கஷ்டம், கால் முழுக்கச் சதை. ஒண்டிண்ட வயித்துக்கு வெளியில மஞ்சளா முட்டை ஒட்டிக்கொண்டிருந்தது, அதை எடுக்கலாமோ எண்டு தெரியாமல் விட்டிட்டன்.

பரவைக்கடல்:
விட்டது நல்லது தம்பி. உள்ளுக்க இருக்கிற சினை வேற, வெளியில ஒட்டினது பொரிக்கப் போற முட்டை. மஞ்சளா இருந்து கறுத்து வந்தால் பொரிக்கிற நேரம் கிட்ட வந்திட்டுது. ஒரு பெரிய பெட்டை நண்டில அது 10 லட்சத்தையும் தாண்டும். எங்கட வலையில வந்தால் உயிரோட திருப்பிக் கடலுக்கை விட்டிடுவம், நீங்களும் வாங்காதேங்கோ, கேக்கிற ஆக்கள் இருக்கிறபடியால்தான் அதுவும் சந்தைக்கு வருது.