புதுப்பிப்பு: நமீப் பாலைவனத்தில் லென்ஸ் மாற்றலாமா?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ஒரே ஒரு கேமராவோடு நமீப் பாலைவனம் போகிறேன், மணலில் லென்ஸ் மாற்றலாமா என்று. "மாற்றவே மாற்றாதே" என்றுதான் பெரும்பாலோர் சொன்னீர்கள். போய் வந்தாச்சு.

மணல்மேடுகளுக்குப் போகும் சாலையின் நுழைவாயிலான செஸ்ரியத்திலிருந்து இருட்டிலேயே கிளம்பினோம். 45-வது கிலோமீட்டரில் இருப்பதால் டியூன் 45 என்றே பெயர் பெற்ற மணல்மேட்டில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. நிறுத்தாமல் நேராக டெட்விலேய் போனோம். மணல்மேடுகளுக்கு நடுவே காய்ந்து கிடக்கும் களிமண் படுகை அது.

அங்கே சூரியன் முழுசாக ஏறும் முன் போய்விட வேண்டும். பின்னால் இருக்கும் மேட்டில் வெயில் பட்டு ஆரஞ்சாக எரிகிறது. கீழே வெள்ளைக் களிமண் தரை இன்னும் நிழலில். வானத்தின் வெளிச்சம் மட்டும் விழுவதால் அந்த வெள்ளைத் தரை படத்தில் நீலமாக வருகிறது. நடுவில் கருகினாற்போல மரங்கள். செத்துப் பல நூற்றாண்டுகள் ஆகியும், காற்றில் ஈரமே இல்லாததால் மட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நிழல் தரையைவிட்டு விலகியது, நீலமும் போய்விட்டது. அப்புறம் எடுத்ததெல்லாம் சாதாரணப் படங்கள்தான். வெள்ளைத் தரையைப் பார்த்து கேமரா ஏமாந்து இருட்டாக எடுத்தது வேறு.

சரி, லென்ஸ் விஷயம். நான் மாற்றவே இல்லை. ஆனாலும் மதியக் காற்றில் ஜூம் வளையத்துக்குள் மணல் புகுந்து, திருப்பினால் நறநற என்கிறது. ஊதுபந்தால் ஊதிப் பார்த்தேன், போகவில்லை. சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறேன். பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டச் சொன்னவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.